சுடுதண்ணீர் அலுமாரி

என் கணவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாருடைய வீட்டுக்குப் போனாலும், தேத்தண்ணீர் கைக்கு வருமுன்னரே, "உங்களுக்குக் கரண்ட் பில் எவ்வளவு வருது?" என்று கேட்பார். பிறந்தநாள், புதுவீட்டுக் குடிபூரல், செத்தவீட்டு அந்தியேட்டி எதுவும் விதிவிலக்கில்லை. ஒரு அந்தியேட்டி வீட்டில், இறந்தவரின் மகன் கண் கலங்க நின்றுகொண்டிருந்தபோது, இவர் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த ஹீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தம்பி, இது ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்றார். நான் அவருடைய காலை மிதித்தேன். அந்தப் பிள்ளை பாவம், ஒழுங்காகப் பதில் சொன்னது.

இவர் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பில் எஞ்சினியராக இருந்தவர். நியூசிலாந்துக்கு வந்து, ஒக்லண்டில் ஒரு கட்டட நிறுவனத்தில் செலவு மதிப்பிடும் வேலை கிடைத்தது. ஒரு கட்டடம் எழும்புமுன்னரே அதற்கு எவ்வளவு பலகை, எவ்வளவு சீமெந்து, எவ்வளவு ஆணி போகும் என்று சொல்வதுதான் உத்தியோகம். பகல் முழுக்க அதைச் செய்கிற மனிதர் பின்னேரம் வீட்டுக்கு வந்து சும்மா இருப்பாரா? புதுச் சவர்க்காரம் ஒன்றைப் பிரித்தால் அதன் உறையில் திகதியை எழுதி வைப்பார். எந்தச் சவர்க்காரம் கனநாள் வருகிறது என்று பார்க்கவாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நகரின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு மரப்பலகை வீட்டை மோர்ட்கேஜில் வாங்கினோம். நல்ல வெயில் நாளொன்றில் பார்த்து மயங்கி வாங்கிய வீடு. ஜூன் மாதம், அந்த நாட்டுக் குளிர்காலம், வந்ததும் அதன் சுயரூபம் தெரிந்தது. பலகைகளுக்கு நடுவால் காற்று வரும், தரைக்குக் கீழால் வரும், சாத்திய கதவுக்குள்ளாலும் வரும். காலையில் யன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிந்தபடி நிற்கும். வெளியில் நிற்பதைவிட உள்ளே குளிர் அதிகம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உடுப்புக் காயப்போட வளவுக்குப் போகும்போது நான் சுவெற்றரைக் கழற்றி வைத்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. ரொறன்ரோவில் இருந்த என் தங்கை தொலைபேசியில் சிரிப்பாள். "உங்கை பனி கொட்டுறதோ? இல்லைத்தானே? பிறகென்ன குளிர்?" அவளுக்கென்ன, வெளியில் ஊரே உறைந்து கிடந்தாலும் வீட்டுக்குள் கையில்லாத சட்டையோடு திரிகிறவள். எங்களிடம் இருந்தது சில்லுப் பூட்டிய எண்ணெய் ஹீட்டர் ஒன்று. அதை நாங்கள் அறைக்கு அறை தேர் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு திரிந்தோம்.

அந்த வீட்டில் உண்மையிலேயே சூடாக இருந்த இடம் ஒன்றே ஒன்று. குளியலறைக்குப் பக்கத்தில், நடையோரமாக ஒரு அலுமாரி. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு செம்புத் தாங்கி. குழாயில் வருகிற சுடுதண்ணீர் மின்சாரத்தில் காய்ந்து அதற்குள்தான் நிற்கும். தாங்கிக்கு மேலே பலகைத் தட்டுகள். வெள்ளைக்காரர் அந்தத் தட்டுகளில் துவாய்களையும் படுக்கை விரிப்புகளையும் அடுக்குவார்கள். நாங்கள், அதாவது யாழ்ப்பாணத்தார், இந்தியத் தமிழர், மலேசியத் தமிழர் என்ற பேதமில்லாமல் அந்த ஊரில் இருந்த அத்தனை தமிழரும், தோசைக்கு அரைத்த மாவை வைப்போம். அந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் பிரிவினை இருந்ததில்லை.

வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு இது தெரியாது. பின்னேரம் அரைத்து வைத்த மா விடிய அப்படியே சீமெந்துக் குழையல்போலக் கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். உழுந்தில் பிழை, அரிசியில் பிழை, தண்ணீரில் பிழை என்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இருந்த மலேசியத் தமிழ்ப் பெண் ஒருத்திதான், "என்னக்கா நீங்க, சுடுதண்ணி அலமாரியில தூக்கி வைங்க, காலையில பாருங்க" என்றாள். விடிய அலுமாரிக் கதவைத் திறந்தேன். மா வாளியின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. நான் கையைத் தட்டிச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு என் கதையே வேறாகிவிட்டது. கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் பத்துப் பேருக்கு மேல் வேலை வாங்கியவள் நான். இங்கே எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டேன். மிகவும் மரியாதையாக, மிகவும் அழகான கடதாசியில், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இருந்து யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் மிஞ்சிய மாவைத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். அவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை காசோடு வந்து நின்றார்கள். பிறகு அவர்களுடைய சிநேகிதர் வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் வியாழக்கிழமை இரண்டு பெரிய வாளி அரைப்பதும், வெள்ளிக்கிழமை பின்னேரம் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் கார்கள் நிற்கும். "அக்கா, ரெண்டு டப்பா குடுங்க" என்பார்கள் சிலர். "அக்கா, எனக்கு எடுத்து வைச்சனீங்களோ?" என்பார்கள் சிலர். பெரிய காசில்லை. ஆனால் அந்த ஊரில் என்னைத் தேடி யாராவது வந்தது அந்த வெள்ளிக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் நான் அவருடைய மனைவி, பிள்ளைகளின் அம்மா. வெள்ளிக்கிழமை நான் நானாக இருந்தேன்.

இது இப்படியிருக்க, அவர் தன் ஆராய்ச்சியை முடுக்கிவிட்டார். வீட்டைச் சூடாக்க எது மலிவு? ஒவ்வொரு சனி ஞாயிறும் யாராவது ஒருவருடைய வீட்டுக்கு, சுகம் விசாரிக்கிற சாட்டில், ஹீட்டர் பார்க்கப் போனோம். ஹென்டர்சனில் ஒரு சிநேகிதர் விறகடுப்பு வைத்திருந்தார். இரும்புப் பெட்டிக்குள் நெருப்பு, கூரைக்கு மேலே புகைபோக்கி. பார்க்க நல்ல வடிவு. ஆனால் அவர் மலிவு என்று ஈர விறகை வாங்கி இறக்கியிருந்தார். அது எரியாமல் சீறிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, நாங்கள் வரமுன்னர் ஏதோ சண்டை நடந்திருக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன். இன்னொரு வீட்டில் காஸ் போத்தலை உள்ளே வைத்து உருட்டிக்கொண்டு போகிற ஹீட்டர். சூடு நல்ல சூடுதான். ஆனால் அது எரிய எரிய ஈரம் கக்கும். யன்னலெல்லாம் மழை பெய்ததுபோல வழிந்தது, சோபாவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் கறுத்துப் படர்ந்திருந்தது. இவர் மூக்கை வைத்து மணந்து பார்த்துவிட்டு வந்தார்.

கடைகளுக்கும் போனோம். "இந்த எண்ணெய் ஹீட்டர் மற்றதைவிட மிச்சம் பிடிக்கும்" என்று சொன்ன ஒரு விற்பனைப் பையனை நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தார். ஒரு யூனிட் மின்சாரத்தை எந்த ஹீட்டரில் போட்டாலும் ஒரே அளவு சூடுதான் வரும், எண்ணெயாக இருந்தாலென்ன, விசிறியாக இருந்தாலென்ன, விலைதான் வேறு, சூடு வேறில்லை என்று விளக்கினார். அவன் பொறுமையாகக் கேட்டான். நானும் பிள்ளைகளும் கட்டில் பகுதிக்குப் போய் எங்களுக்கு இவரைத் தெரியாத மாதிரி நின்றோம்.

கடைசியில் ஒரு நாள் பின்னேரம், கிராஃப் தாளை மேசையில் விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், இதைப் பாரும். எங்கட ரோட்டில காஸ் பைப் போகுது. ஹீட்டருக்கு மட்டும் காஸ் எடுத்தால் பெரிய லாபமில்லை. ஏனெண்டால் பாவிச்சாலும் பாவிக்காட்டியும் நாளுக்கு இவ்வளவு எண்டு லைன் காசு கட்ட வேணும். ஆனால் சுடுதண்ணியையும் காஸுக்கு மாத்தினால், அந்த லைன் காசு ரெண்டுக்கும் பகிர்ந்து போகுது. பாரும், கோடு எப்பிடி விழுந்து கிடக்குது!"

"சுடுதண்ணிக்கு என்ன செய்வினம்?"

"அந்தப் பழைய தாங்கியைக் கழட்டி எறிவினம். வெளிச்சுவரில ஒரு சின்னப் பெட்டி. குழாயைத் திறந்தால் உடனே பத்தும், பூட்டினால் நிண்டிடும். ஒருத்தரும் பாவிக்காத தண்ணியை இரவு பகலாய் காய்ச்சிக்கொண்டு இருக்கிறதே, அதைப்போல வீண் செலவு உலகத்திலை இல்லை."

பார்க்கக் கணக்கு மிகச் சரியாக இருந்தது. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் சூடான ஒரு அறை. தலையை ஆட்டிவிட்டேன்.

காஸ் கம்பனியிலிருந்து அளவெடுக்க ஆள் வருகிறார் என்றதும் வீட்டில் வழக்கமான பரபரப்பு. வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுக்குள் வரப்போகிறார் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையெல்லாம் செய்தோம். குளிரோடு குளிராக யன்னல்களைத் திறந்துவிட்டோம். எலுமிச்சை வாசனை அடித்தோம். மீன்குழம்புச் சட்டி கராஜுக்குப் போனது. "மா வாளியையும் எடுத்து அங்கை வையும், அலுமாரியைத் திறந்தால் மணக்கும்" என்றார் அவர். வாளிகள் போன இடத்தில், எங்களிடம் இருந்த நல்ல துவாய்களைக் கடையில் வைப்பதுபோல மடித்து அடுக்கினேன்.

வந்தவர் நல்ல மனிதர். அலுமாரியைத் திறந்து பார்த்தார். இதற்குள் துவாய் மட்டும்தானா வைக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். "துவாய் மட்டும்தான்" என்றார் என் கணவர், நெஞ்சை நிமிர்த்தி. அப்படியென்றால் தாங்கியை எடுத்த பிறகு உங்களுக்கு ஒரு முழு அலுமாரி மிச்சம் என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் நல்ல பிள்ளைபோலச் சிரித்தேன். அந்த நேரத்தில் எங்கள் இருவரில் ஒருவருடைய மூளையும் வேலை செய்யவில்லை. துவாய் வைக்கிற வீடாக நடித்து நடித்து, அந்தப் பத்து நிமிடத்துக்கு நாங்கள் துவாய் வைக்கிற வீடாகவே மாறிவிட்டோம் போல.

புது ஹீட்டர் முன்னறைச் சுவரில் ஏறியது. தாங்கி வாசலால் போனது. சும்மா சொல்லக்கூடாது, முதல் பின்னேரம் நாங்கள் நால்வரும் அதற்கு முன்னால் வரிசையாக இருந்து, கையை நீட்டி, காலை நீட்டி, சிரித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் குளியலறைக்குள் போனால் வெளியே வர மறுத்தார்கள். அவர் வளவுக்குள் போய் நின்று, மீற்றர் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து, "ஓடட்டும், ஓடட்டும், மலிவுதான்" என்றார். அவர் அவ்வளவு தாராளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை வழமைபோல அரைத்து, அலுமாரிக்குள் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை திறந்தபோது உள்ளேயிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. மா வைத்த அளவிலேயே கிடந்தது. கரண்டியை விட்டுக் கிளறினேன். ஒரு குமிழி இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நடையில், அந்தத் திறந்த அலுமாரிக்கு முன்னால், நான் தரையில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் வந்தவர்களுக்கு, நாளைக்குப் பொங்கிவிடும், வீட்டில் சூடான இடத்தில் வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மாவு பொங்கவே இல்லக்கா. தோசை ரப்பர் மாதிரி வந்துச்சு. வீட்டுக்கு ஆளுங்க வந்திருந்தாங்க, அதான்..." என்றார். காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஐயோ வேண்டாம் என்றார். ஆனால் அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி இன்னும் சிலர் வரவில்லை. ஹென்டர்சனில் ஒரு அம்மா மா விற்கத் தொடங்கியிருக்கிறா, நல்லாயிருக்காம் என்று ஒருத்தி என்னிடமே வந்து சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கு ஒரு கரண்டி குறைத்து ஊற்றினேன்.

அவர் மேல் பாயாமல் இருக்க முடியுமா? பாய்ந்தேன்.

"உங்கட கிராஃப் கோட்டில என்ர மா எங்கை இருக்குது, காட்டுங்கோ பாப்பம்!"

"நீர் சொல்லேல்லையே..."

"துவாய் மட்டும்தான் எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்னது ஆர்?"

பிரச்சினை என்று ஒன்று வந்தால் அவர் உறங்கமாட்டார். ஒவ்வொரு யோசனையாகக் கொண்டு வந்தார். புது ஹீட்டருக்கு முன்னால் வாளியை வைத்தோம். நெருப்புப் பக்கம் இருந்த மா காய்ந்து பொருக்கு விட்டது, மற்றப் பக்கம் குளிர்ந்து கிடந்தது. படுக்கப் போகும்போது ஹீட்டரை நிறுத்துவது அவருடைய சட்டம். அதனால் விடிய இரண்டு பக்கமும் குளிர்ந்துவிடும். கேக் சுடுகிற மின்னடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைத்துப் பார்த்தோம். ஒரு வாளிக்குத்தான் இடமிருந்தது. கடைசியில் அவர் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வீட்டில் இருக்கிற மின்சாரச் சாமான்களுக்குள்ளேயே ஓட்டச் செலவு மிகக் குறைந்தது எது தெரியுமா? மின்போர்வை! மூத்தவளின் கட்டிலில் மெத்தைக்கு மேலே விரித்திருந்த மின்போர்வையில் இரண்டு வாளிகளையும் ஏற்றி, மேலே தடித்த குயில்ட் போர்வையால் மூடி, அவளைத் தங்கையோடு படுக்க அனுப்பினோம்.

அன்றைக்கு மா பொங்கியது. என்ன பொங்கு பொங்கியது! மூடியைத் தள்ளி, போர்வையில் வழிந்து, மெத்தைக்குள் இறங்கி, கட்டில் காலால் கம்பளத்துக்கு வந்துகொண்டிருந்தது. மூத்தவள் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "நோ வே, அம்மா. நோ வே" என்றாள். அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையும் அந்தக் கட்டிலில்தான் கிடந்தது. அன்று முழுக்கத் தன்னைத் தோசை மணத்ததாகவும் இனி அந்தக் கட்டிலில் வாளி ஏறினால் தான் வீட்டைவிட்டே போவதாகவும் பின்னேரம் வந்து சொன்னாள். பத்து வயது அவளுக்கு.

மெத்தையைக் கழுவி, வளவில் இரண்டு கதிரைகளில் சாய்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் படியில் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. விட்டுவிடுவோம், ஹென்டர்சன் அம்மாவே விற்கட்டும் என்று தோன்றியது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயது இருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்க வேண்டும் என்று பேசிப் பழகிய குரல். கணவர் இறந்து சில வருடம். அதுவரை எங்களுக்குள் இருந்த உறவு கையசைப்பதும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதும்தான். அவர் பேசியது இங்கிலீஷ். எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"பிள்ளை படுக்கையை நனைச்சிட்டாளோ?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம்தான். எனக்குக் களைத்துப் போயிருந்தது. மா, அலுமாரி, துவாய், மின்போர்வை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு, "என்னட்டை ஒரு அலுமாரி நிக்குது. உள்ளுக்கை ரெண்டு துவாய். கொண்டு வாரும்" என்றார்.

மணக்கும் என்று எச்சரித்தேன். அடுத்த வியாழன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் மூடியைத் திறந்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். "என்ர அப்பா கராஜுக்குள்ள பியர் வடிக்கேக்கை இப்பிடித்தான் மணக்கும்" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் நாங்கள் அடித்த எலுமிச்சை வாசனையெல்லாம் எனக்கு ஒரே நொடியில் வீணாகத் தெரிந்தது.

அவருடைய தாங்கி எங்களுடையதைவிடப் பழையது, பெரியது. மா சிரித்துக்கொண்டு எழும்பியது. இரண்டு மூன்று வாரத்தில் கார்கள் திரும்ப வந்தன. கோயம்புத்தூர்த் தம்பியும் வந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி இரண்டு டப்பா கேட்டார். நானும் ஒன்றும் நடக்காத மாதிரி கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மா காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். ஒரு டப்பா மா கொடுத்தேன். அதைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுட்டு, ஜாம் பூசித் தின்றதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற என் கணவருக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது, ஆனால் முகத்தில் காட்டவில்லை.

அவருடைய வீட்டுக்குள் போகத் தொடங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த அலுமாரியைத் தவிர மற்ற இடமெல்லாம் ஐஸ். அவர் குசினி அடுப்படியில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மடியில் சுடுதண்ணீர்ப் பையோடு ரீவி பார்த்துக்கொண்டிருப்பார். ஹீட்டர் ஒரு மூலையில் வயர் சுற்றிக் கிடந்தது. "பழகிப் போச்சு" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. என் மா அவர் வீட்டில் சூடாக இருக்க, அவர் குளிரில் இருப்பதா? "வந்து எங்கட வீட்டிலை இருங்கோ" என்று கிட்டத்தட்டக் கட்டளைபோலச் சொன்னேன்.

முதலில் வியாழக்கிழமைகளில் மட்டும் வந்தார். பிறகு வெள்ளியும் வந்தார். ஆகஸ்ட் முடியமுன்னர் ஒவ்வொரு நாளும் ஆறு மணிச் செய்திக்கு எங்கள் ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். பின்னல் ஊசிகளோடு வருவார், எட்டு மணிக்குப் போவார். செய்தியில் யார் வந்தாலும் திட்டுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடக் கதையெல்லாம் எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொன்னார்கள். என் கணவருக்கும் ஆளைப் பிடித்துவிட்டது, இவருடைய காஸ் கணக்கை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அந்த அம்மாதான். "ஒரு ஆள் அறைக்குள்ளை இருந்தால் ஒரு பெரிய மின்குமிழ் எரியிற அளவுக்குச் சூடு குடுக்கும், தெரியுமோ?" என்று இவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "அவ வந்தால் எங்களுக்கு லாபம்தான்." நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எனக்கு மனம் நிம்மதியாக இருந்தது. கொடுக்கல் வாங்கல் சரி. அவருடைய அலுமாரி எனக்கு, எங்கள் ஹீட்டர் அவருக்கு. யாரும் யாருக்கும் கடமைப்படவில்லை.

அடுத்த வருடம் குளிர் தொடங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகன் வந்தார். நகரத்துக்கு வடக்கே, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர், மாதத்துக்கு ஒருமுறை வருவார், புல் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். வேலிக்கு மேலால் என் கணவரைக் கூப்பிட்டார். அம்மா வீடு குளிர்கிறது, அவருக்கும் காஸ் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், ஹீட்டரும் சுடுதண்ணீரும், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று அம்மா சொன்னா, ஓட்டச் செலவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டார்.

தன்னிடம் ஒருவர் வலிய வந்து ஓட்டச் செலவு கேட்கிறார்! என் கணவர் அந்த அம்மாவின் பில்களை வாங்கிக்கொண்டு பறந்து வந்தார். நான் அவருக்குப் பின்னாலேயே மேசைக்குப் போனேன்.

"கணக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்க்காமல், "காஸ்தான்" என்றார். "அவவின்ரை தாங்கி பழசு. நாள் முழுக்கச் சூட்டை வெளியிலை விடுது. காஸுக்கு மாத்தினால் நல்ல மிச்சம்."

"அந்த வெளியிலை விடுற சூட்டிலைதான் என்ர மா பொங்குது."

"தெரியும்."

"ஒரு ஆள்தானே அவ. லைன் காசு கட்டிக் கட்டுப்படியாகாது எண்டு சொல்லலாம்தானே."

"பாத்திட்டன். கட்டுப்படியாகுது."

"ஒருக்காலாவது உங்களுக்கு ஒரு கணக்குப் பிழைக்காதோ?" என்று கத்தினேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த மனிசி குளிரிலை கிடக்குது. நான் எப்பிடி மாத்திச் சொல்லுறது?" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. வெள்ளிக்கிழமைக் கார்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதற்கு ஒரு மனுஷி குளிரில் விறைத்துக் கிடப்பதை விலையாகக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

மத்தியானம் போல இருவரும் அவருடைய குசினிக்குப் போனோம். மகன் மேசையில் இருந்தார். என் கணவர் தாளை விரித்து, இது இப்போது கட்டுவது, இது காஸ் என்றால் கட்டப்போவது என்று விரலை வைத்துக் காட்டினார். மகன் உற்சாகமாகிவிட்டார். "பாத்தீங்களோ அம்மா, குளிர் முழுக்க வீடு சூடாயிருக்கும், காசும் குறையும்" என்றார். நான் அந்த அலுமாரி இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நெடுநேரம் பார்த்தார். பஸ் ஓட்டிய அந்தக் குரலை எங்கோ வைத்துவிட்டு வந்தவர்போல, மெதுவாகக் கேட்டார்.

"மலிவுதான். ஆனால் என்ர வீடு சூடாயிட்டுதெண்டால், ஆறு மணிக்கு நான் என்னெண்டு இவையின்ர வீட்டுக்குப் போறது?"

மகன் மேசையைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே, தான் வெட்டிய புல்லைப் பார்த்தார். என் கணவர் தாளை மடித்தார். வேண்டாம் மகன், தாங்கி இருக்கட்டும் என்று அம்மா சொன்னார், தேத்தண்ணீர் வைக்க எழும்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் வேலியடியில் என் கணவர் நின்றார். "அதை நான் கணக்கிலை சேர்க்கேல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் அலுமாரி தப்பிவிட்டது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவேயில்லை. கொடுக்கல் வாங்கல் சரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும், அந்த மனுஷி எங்கள் வீட்டுக்கு வர ஒரு காரணம் வேண்டும் என்று தன் வீட்டைக் குளிராக வைத்திருந்திருக்கிறார். என்னைத் தேடி யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கியவள் நான். எனக்கல்லவா அது முதலில் தெரிந்திருக்க வேண்டும். குசினிக்குள் போய்த் தனியாக நின்று அழுதேன்.

மாலை இருட்டத் தொடங்கியது. ஐந்தரை மணிக்கே போய் அவருடைய கதவைத் தட்டினேன். அவர் திறந்ததும், சொல்லலாம் என்று தயார்படுத்தி வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் எங்கோ போய்விட்டது. "வாங்கோ, வீட்டை போவம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.